மூன்று பெயிண்ட் அடித்த பிளாக்

எனக்குக் கோபம் வரும் என்பது, கள்ளக்குறிச்சியில் பஸ் ஸ்டாண்டு எங்கே இருக்கிறது என்பது மாதிரி, ஊருக்கே தெரிந்த விஷயம். அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. அன்றைக்கு எனக்குக் கோபம் வராமல் இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

என் பெயர் ஜெயசுதா. வயது முப்பத்தாறு. சங்கராபுரம் ரோட்டில் நீலப் போர்டு மாட்டிய லேத் பட்டறை ஒன்று இருக்கிறதே, அது என்னுடையது; பின்பக்கம் எங்கள் வீடு. டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தேன். ஓசூரில் ஒன்பது வருஷம் ஷிப்ட் பார்த்தேன். பிறகு ஒரு பழைய போரிங் மெஷினையும் ஹோனிங் மெஷினையும் வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வந்து இறங்கினேன். லாரியில் இருந்து நகை இறங்கும் என்று எதிர்பார்த்த எங்கள் அம்மா பெரியநாயகிக்கு அன்றைக்கு வந்த தலைவலி இன்னும் போகவில்லை.

என் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினுக்கு உடம்பு பிளாக். அதில் வரிசையாக நாலு ஓட்டை. அந்த ஓட்டைக்குப் போர் என்று பெயர். அதற்குள் பிஸ்டன் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். வருஷக்கணக்கில் ஏறி இறங்கினால் வட்டமான போர் கோழிமுட்டை மாதிரி ஆகிவிடும். அதைத் திரும்ப வட்டமாக்குவதுதான் என் பிழைப்பு. ஆனால் எல்லா பிளாக்குக்கும் அது தேவைப்படாது. தேவையா இல்லையா என்று முதலில் அளக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரை நூறாக நறுக்கினால் ஒரு துண்டு, அதற்குப் பட்டறை பாஷையில் ஒரு பாயிண்ட். பாயிண்ட் கணக்கில் அளந்து, வேலை இருந்தால் இருக்கிறது என்பேன், இல்லாவிட்டால் தூக்கிக்கொண்டு போங்கள் என்பேன். அளந்த பிளாக்கின் பக்கவாட்டில், கீழ் மூலையில், நம்பர் பஞ்ச் என்கிற இரும்பு அச்சை வைத்துச் சுத்தியலால் தட்டி மாசத்தையும் வருஷத்தையும் பதித்துவிடுவேன். அளக்காமல் மார்க் அடித்ததில்லை. அடித்த மார்க்கை மறந்ததுமில்லை.

இவ்வளவு ஒழுங்காக இருந்தும் என்ன? இந்த ஊர் மெக்கானிக்குகள் பிளாக்கை விழுப்புரத்துக்கும் சேலத்துக்கும் அனுப்பினார்கள். "பொம்பள அடிச்ச போரு மல ஏறுமா?" என்று டீக்கடையில் ஒருத்தர் கேட்டதாக என் காதுக்கே வந்தது. கேட்டவரின் கடை வாசலில் போய் நின்று நான் பதில் சொன்னதும் ஊருக்குத் தெரியும்.

ஒரே ஒரு ஆள் மட்டும் பட்டறை திறந்த முதல் மாதத்திலிருந்து என்னிடம் வந்துகொண்டிருந்தார். கச்சிராயபாளையத்தில், மலை ரோடு ஏறுவதற்கு முன்னால், ஜீப் ஷெட் வைத்திருக்கும் இளஞ்செழியன். முப்பத்தெட்டு வயது. ஆள் கதவை அடைத்து நிற்பார், பேச்சு மட்டும் ஸ்பூனில் அளந்து ஊற்றுவது மாதிரி வரும். "மேடம், இத கொஞ்சம் அளந்து பாத்துச் சொல்லுங்க" என்பார். அளந்து சொல்வேன். "சரிங்க மேடம்" என்பார். ஒரு தரம்கூட "நல்லாப் பாத்தீங்களா?" என்று கேட்டதில்லை. ரெண்டு வருஷமாக எனக்கு அது எவ்வளவு பெரிய தெம்பு என்று அவருக்குத் தெரிந்திருக்காது என்றுதான் நினைத்திருந்தேன்.

போன ஆவணியில் அம்மா ஒரு வரன் கொண்டுவந்தாள். மாப்பிள்ளை தியாகதுருகம். நல்ல வேலை, நல்ல குடும்பம், ஒரே ஒரு நிபந்தனை. கல்யாணத்துக்குப் பிறகு பட்டறையை மூடிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக முடிவாகியிருந்தது.

"மூட மாட்டேன்" என்றேன்.

"யாரு வர்றாங்க ஒன் பட்டறைக்கு? மெஷினுக்கு எண்ண போட்டுத் தொடச்சிக்கினு நீ மட்டும் ஒக்காந்துங்கீற" என்றாள் அம்மா.

அது உண்மை. அதனால்தான் அவ்வளவு வலித்தது. "இந்தத் தாலுக்காவுல என் அளவ நம்பற மெக்கானிக் ஒர்த்தன் இருந்தாக்கூட மூட மாட்டேன். ஒர்த்தனும் இல்லன்னு நீ காட்டு, நானே பூட்டி சாவிய ஒங்கைல குட்த்துடறேன்" என்று கத்தினேன்.

"அந்த ஒர்த்தன் யாரு?"

"கச்சிராயபாளையம் செழியன்."

அம்மா போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வாயடைத்துவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

புதன்கிழமை காலையில் அந்தச் செழியனே ஒரு பிளாக்கோடு வந்தார். யாரோ ஒருவரின் பிக்கப் வண்டி இறக்கிவிட்டுப் போய்விட்டது. பளபளவென்று பச்சை பெயிண்ட் அடித்த பிளாக். அளந்தேன். நாலு போரும் நல்ல வட்டம். ஒரு வேலையும் இல்லை. அவர் என்னவோ சொல்ல வந்த மாதிரி நின்றார். எனக்கோ வரன் எரிச்சல், வியாபாரம் இல்லாத எரிச்சல், மழைப் புழுக்கம் எல்லாம் சேர்ந்திருந்தது.

"இன்னா செழியன், பாத்தாலே தெரியல? கண்ணாடி மாதிரி இருக்குது போரு. இத எதுக்குத் தூக்கிக்கினு வர்றீங்க? இனிமே வேல இல்லாத பிளாக்க எட்துக்கினு என் வாசப்படி மிதிக்காதீங்க!"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "சரிங்க மேடம். பிளாக்கு இருக்கட்டும், வண்டி வந்தா எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

போனபிறகு வழக்கம்போல மார்க் அடிக்க உட்கார்ந்தேன். 9, 25. பஞ்சை வைத்து ஓங்கித் தட்டினேன். தட்டிய வேகத்தில் பச்சை பெயிண்ட் சில்லாக உதிர்ந்தது. அடியில் கறுப்பு பெயிண்ட். கறுப்புக்கு அடியில் சாம்பல் நிறம். பெயிண்டோடு சேர்ந்து பட்டி வைத்து அடைத்திருந்ததும் பெயர்ந்து விழுந்தது. உள்ளே என் கையால் அடித்த நம்பர் என்னைப் பார்த்தது. 6, 25. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. 3, 25.

அளவு எழுதும் நோட்டைப் புரட்டினேன். மார்ச்சில் சாம்பல் பிளாக், ஜூனில் கறுப்பு பிளாக், இப்போது பச்சை. மூன்று தேதியிலும் நாலு போரின் அளவும் ஒரு பாயிண்ட் பிசகாமல் ஒன்றாக இருந்தது. ஒரே பிளாக்கைப் பெயிண்ட் மாற்றி மூன்று தடவை கொண்டுவந்திருக்கிறார்.

ஏன்? எனக்குத் தோன்றியது ஒரே காரணம்தான். இவள் உண்மையிலேயே அளக்கிறாளா, இல்லை வாய்க்கு வந்ததை அடித்து விடுகிறாளா என்று சோதித்துப் பார்த்திருக்கிறார். மற்றவர்களாவது முகத்துக்கு நேரே நம்பவில்லை. இந்த ஆள் நம்புகிற மாதிரி நடித்துக்கொண்டு பரீட்சை வைத்திருக்கிறார். அன்றைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்து அழுதேன். அழுதுவிட்டேனே என்று இன்னும் ஜாஸ்தியாகக் கோபம் வந்தது. அம்மாவிடம் சாவியைக் கொடுத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். கொடுப்பதற்கு முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும்.

வியாழக்கிழமை காலை என் அளவு கருவிகள் இருக்கும் மரப்பெட்டியை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு கச்சிராயபாளையம் கிளம்பினேன். இந்தாருங்கள், நீங்களே அளந்து பாருங்கள் என்று அவர் கையில் திணிப்பதற்காக.

ஷெட்டில் ஒரு ஜீப் மூடியைத் திறந்துபோட்டு நின்றது. அதன் எஞ்சின் வெளியே பலகை மேல். செழியன் அதற்குள் புது பிஸ்டன் மாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் டயர் மேல் ஜீப்பின் சொந்தக்காரர் முனியன் உட்கார்ந்திருந்தார். கச்சிராயபாளையத்துக்கும் வெள்ளிமலைக்கும் ஆளும் மரவள்ளிக் கிழங்கும் ஏற்றிப்போகும் மனிதர். எனக்கு அண்ணன் முறை வைத்துப் பேசுவார்.

"செழியன்!"

"வாங்க மேடம். டீ சொல்லட்டுங்களா?"

"ஒங்க டீய யாரு கேட்டா? ஒரே பிளாக்க மூணு பெயிண்ட் அடிச்சி எட்துக்கினு வந்தீங்களே, இன்னா டெஸ்ட்டு அது? பொம்பள மாத்தி மாத்திச் சொல்றாளான்னு பாத்தீங்களா?"

செழியனின் காது ரெண்டும் செக்கச்செவேல் என்று ஆனது. "இல்லீங்க மேடம். அது வேறங்க."

"வேறன்னா இன்னா வேற?"

செழியன் குனிந்து கையைத் துடைத்தார். முனியன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று அவருக்கும் சேர்த்து ஒரு வசவை எடுத்தேன். அதற்குள் என் கண் மேஜை மேல் இருந்த மீதி ரெண்டு பிஸ்டன்மேல் விழுந்துவிட்டது. தொழில் புத்தி, என்ன செய்வது.

"இது இன்னா பிஸ்டன்?"

முனியன் முந்திக்கொண்டார். "நாந்தான் போன்ல பாத்து வரவச்சேன் தங்கச்சி. சாதா பிஸ்டன் இல்ல, அடிச்சி செஞ்சது. பலம் ஜாஸ்தி, லோடோட மல ஏறினாலும் இழுவ கம்மியாவாதாம். லேத் வேலையே வேணாம், அப்டியே மாட்டிக்கலாம்னு அந்த வீடியோக்காரன் சொன்னான்."

அட்டைப் பெட்டியிலும் அப்படித்தான் போட்டிருந்தது, கொட்டை எழுத்தில். மிஷின் வேலை தேவையில்லை.

"போர அளந்தீங்களா?" என்று செழியனைக் கேட்டேன்.

"இல்லீங்க."

"ஏன்?"

"நீங்க அடிச்ச போருங்க இது. போன கார்த்திகைல. நீங்க அடிச்சதுல நான் எதுக்குங்க கேஜ வச்சிப் பாக்கணும்?"

வாயில் தயாராக இருந்த வசவு அப்படியே நின்றுவிட்டது. பிளாக்கின் மூலையைப் பார்த்தேன். 11, 24. என் மார்க்தான். என் அளவைச் சோதிக்க மூன்று தடவை பெயிண்ட் அடித்த மனிதர், இங்கே என் அளவை நம்பி அளக்காமலே பிஸ்டனை இறக்கிக்கொண்டிருக்கிறார். ரெண்டும் எப்படி ஒரே மண்டைக்குள் இருக்கும்? எனக்குப் புரியவில்லை. புரியாததை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்டியைத் திறந்தேன். பிஸ்டனை அளந்தேன், போரை அளந்தேன். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இடையில் விழும் சந்து நாலு பாயிண்ட்.

"போருல குறையில்ல. ஆனா இந்த பிஸ்டன மாட்டக்கூடாது" என்றேன்.

"குறையில்லன்னா மாட்ட வேண்டியதுதான தங்கச்சி?" என்றார் முனியன்.

"பழைய பிஸ்டன் வார்த்தது அண்ணே. சூடானா கொஞ்சமாத்தான் உப்பும், அதுக்கு நாலு பாயிண்ட் சந்து போதும். இது அடிச்சி செஞ்சது. பலம் ஜாஸ்தி, சூட்டுல உப்பறதும் ஜாஸ்தி. உப்ப எடம் இல்லன்னா போரக் கவ்விக்கும். பாதி மலைல, லோடோட, எஞ்சின் டப்புன்னு நின்னா பின்னாடி இன்னா இருக்கும்?"

"பள்ளம் இருக்கும்" என்றார் முனியன், சிரிப்பில்லாமல்.

பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பிரித்தேன். பின்பக்கத்தில், எறும்பு எழுத்தில், இங்கிலீஷில் போட்டிருந்தது. சந்து எட்டு பாயிண்ட் இருக்க வேண்டும். முன்பக்கம் வேலை தேவையில்லை என்று அடித்துவிட்டு, பின்பக்கம் வேலையைச் சொல்லியிருந்தார்கள். செழியன் அதை வாங்கி ரெண்டு தடவை படித்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஒங்களக் கேக்கலாம்னுதாங்க இருந்தேன். நேத்துதான் வாசப்படி மிதிக்காதீங்கன்னு சொன்னீங்க."

ஆக, தப்பில் பாதி என்னுடையது. எனக்குக் கோபம் வருமே தவிர, கண் தெரியாமல் போகாது.

"பழைய பிஸ்டனையே போட்டுட்டா?" என்று கேட்டேன்.

"அத இரும்புக் கடைல போட்டுட்டேனே" என்றார் முனியன். "நாளான்னிக்கு, சனிக்கெழம, என் தங்கச்சி சின்னப்பொண்ணு பையனுக்குக் காது குத்து. கரியாலூருக்கு அந்தாண்ட. தாய்மாமன் நானு. என் மடில வச்சித்தான் குத்தணும். பத்து மணிக்குள்ள சீரோட போய் நிக்கணும். புது எஞ்சின்ல வர்றேன்னு மல பூரா சொல்லி வச்சிட்டேன். முகூர்த்த நாளு, வாடகைக்கு ஒரு வண்டி கெடைக்காது தங்கச்சி."

"பிளாக்க ஏத்துங்க" என்றேன்.

அன்று மத்தியானம் என் பட்டறையில் மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருக்க, போரைக் கல்லால் தேய்க்கும் ஹோனிங் மெஷினில் அந்த நாலு போரையும் நாலு பாயிண்ட் பெரிதாக்கினேன். ஒரே மூச்சில் எடுக்கக்கூடாது. ஒரு பாயிண்ட் எடுத்து, துடைத்து, ஆறவிட்டு, அளந்து, மறுபடி எடுக்க வேண்டும். செழியன் கல்லின்மேல் எண்ணெய் ஊற்றினார், துடைத்தார், நான் சொன்ன அளவை நோட்டில் எழுதினார். ஒரு அளவைக்கூடத் திருப்பிக் கேட்கவில்லை. மூலையில் அந்தப் பச்சை பிளாக் எங்கள் ரெண்டு பேரையும் பார்த்துக்கொண்டே இருந்தது. நான் அதைப் பார்த்தால் அவர் எண்ணெய் டப்பாவைப் பார்ப்பார்.

"இன்னும் பதில் சொல்லல நீங்க" என்றேன் மூன்றாவது போர் முடிந்தபோது.

"வண்டி மல ஏறட்டுங்க. சொல்றேன்."

"ஏறலன்னா?"

"அளக்காம மாட்டப் பாத்தவன் நானு. ஏறலன்னா ஒங்க முன்னாடி நின்னு பேச எனக்கு மூஞ்சி இல்லீங்க."

இதென்னடா வம்பு என்று நாலாவது போரை ஆரம்பித்தேன். ஆனால் அன்று வேலை ரொம்ப இனிமையாக இருந்தது. உள்ளதைச் சொல்ல என்ன வெட்கம்? ரெண்டு வருஷத்தில் அந்த மெஷின் முன்னால் என்னோடு இன்னொருவர் நின்றது அன்றைக்குத்தான்.

வெள்ளிக்கிழமை முழுக்க அவர் எஞ்சினைக் கோத்தார். சாயங்காலம் ஸ்டார்ட் செய்யும்போது நானும் போய் நின்றேன். முதல் சுற்றிலேயே பிடித்தது. முனியன் ரேடியேட்டருக்குக் கற்பூரம் காட்டினார். நான் மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். புது பிஸ்டன், முதல் ஓட்டம், அதுவும் மலை. முடுக்கக்கூடாது, மூணு வளைவுக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் நிறுத்தி ஆறவிட வேண்டும். முனியன் "சரி சரி" என்று தலையாட்டிய வேகத்தைப் பார்த்தால் ஒரு இடத்திலும் நிறுத்த மாட்டார் என்று தெரிந்தது. நானே கூட வருகிறேன் என்றேன்.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். ஜீப்பில் பதினோரு பேர். சீர்த் தட்டுகள், வாழைத்தார், ஒரு மூட்டை அரிசி, சின்னப்பொண்ணுக்குப் பட்டுப்புடவை, போதாததற்கு ஒரு கிடா. நான் முன்னால் சூடு காட்டும் முள்ளை முறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். செழியன் பின்னால் ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் கிடாவையும் பிடித்துக்கொண்டு தொங்கினார். கோமுகி அணை தாண்டியதும் ஏற்றம் ஆரம்பித்தது. கணக்கு சரிதான், அளவு சரிதான். ஆனால் இன்றைக்கு இந்த வண்டி நடு மலையில் நின்றுவிட்டால் "பொம்பள அடிச்ச போரு" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். நாளைக்கு நானே சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

மூணாவது வளைவில் நிறுத்தச் சொன்னேன். ஆறாவதில் நிறுத்தச் சொன்னேன். ஒன்பதாவதில் நிறுத்தச் சொன்னபோது உள்ளே இருந்த பெண்கள், "காது குத்தறதுக்குள்ள பையனுக்கு மீச மொளச்சிடும்" என்றார்கள். நான் அசையவில்லை. எஞ்சினுக்குப் பக்கத்தில் காது வைத்தேன். வெண்ணெய் மாதிரி ஓடியது. முள் பாதிக்கு மேல் போகவே இல்லை. அதுவரை ஏறியபோதும் முனியன் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தாலே ஜீப் முன்னால் பாய்ந்தது.

கீழே அணைத் தண்ணீர் வெயிலில் தகதகத்தது. மேலே இன்னும் நாலைந்து வளைவுதான். முனியன் இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார். செழியன் கிடாவோடு பத்தடி தள்ளி நின்றார்.

"இன்னாடா செழியா, இன்னும் வாயத் தொறக்க மாட்டியா? நானே சொல்லிடட்டா?" என்றார் முனியன்.

"அண்ணே, வேணாண்ணே."

"தங்கச்சி, அந்த பிளாக்கு என் பழைய ஜீப்பு பிளாக்கு. கவுந்துபோன வண்டில அது ஒண்ணுதான் நல்லா கெடந்துச்சு. இவனுக்குக் கள்ளக்குறிச்சி வர்றதுக்குக் காரணம் வேணுமாம். வேல இல்லாத மாசத்துல, பிளாக்குக்கு எங்க போவான்? அதயே பெயிண்ட் அடிச்சி எட்துக்கினு வந்தான். பச்ச பெயிண்ட் நாந்தான் வாங்கிக் குட்த்தேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. வருவதற்கு பிளாக் ஒரு காரணம் என்பது விளங்கியது. என் பட்டறைக்கு வர எதற்குக் காரணம் தேவை? பிறகு விளங்கியது. முகமெல்லாம் சூடாகிவிட்டது. அந்த முள் என் முகத்தில் இருந்திருந்தால் கடைசிக் கோட்டைத் தொட்டிருக்கும்.

"நெசமா?" என்றேன் செழியனைப் பார்த்து.

"ஆமாங்க மேடம்."

"அந்த பிளாக்கு எத்தினி கிலோ?"

"எம்பது இருக்குங்க."

"எம்பது கிலோவ மூணு தடவ தூக்கிக்கினு வந்தீங்க. ஒரு வார்த்த தூக்க முடியலியா ஒங்களால?"

"வார்த்ததாங்க கனமா இருந்துச்சு" என்றார். கிடா அவர் சட்டையைத் தின்றுகொண்டிருந்தது. அவர் கவனிக்கவில்லை.

"நாளைக்கு என்னைப் பொண்ணு பாக்க வராங்க. தெரியுமா?"

"தெரியுங்க. ஒங்க அம்மா போன் பண்ணிச் சொன்னாங்க."

"எங்க அம்மாவா!"

"ஒங்க அளவ நம்பற ஒரே ஆளு நாந்தான்னு சொன்னீங்களாமே. இதுக்கு மேலயும் வாய மூடிக்கினு இருந்தா நீ மனுஷனே இல்லன்னு திட்னாங்க. அதச் சொல்லத்தான் புதன்கெழம வந்தேன். வெறுங்கையோட வர கூச்சமா இருந்துச்சு, பிளாக்க எட்துக்கினு வந்தேன்."

"வந்துட்டு ஏன் சொல்லல?"

"நீங்க திட்னீங்க."

ஜீப்புக்குள் இருந்த எட்டுப் பேரும் கொல்லென்று சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். வாழைத்தாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வயிறு வலிக்கச் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. ரெண்டு வருஷமாக ஒரு மனிதன் என் பட்டறைக்கு என்னைப் பார்க்க வந்திருக்கிறான், நான் ஒவ்வொரு தடவையும் அவன் கொண்டுவந்த இரும்பை மட்டும் அளந்து அனுப்பியிருக்கிறேன். என்னை மாதிரி மடச்சி இந்த ஜில்லாவில் உண்டா?

"செழியன், வண்டில ஏறுங்க. மணி ஒம்பதாவுது. மீதிய அப்புறம் திட்டறேன்" என்றேன். அதுதான் என் சம்மதம். அவருக்கும் புரிந்தது, கிடாவுக்கே புரிந்திருக்கும்.

மேலே போய்ச் சேரும்போது ஒன்பதரை. பலா மரத்தடியில் பந்தல் போட்டிருந்தார்கள். முனியன் பட்டு வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மருமகனை மடியில் வைத்துக்கொண்டார். பையன் ஊசி வருவதற்கு முன்பே மலை அதிரக் கத்தினான். குத்தி முடித்ததும் லட்டைப் பார்த்து நிறுத்திவிட்டான். வந்தவர்களெல்லாம் ஜீப்பைச் சுற்றி நின்று எஞ்சினைப் பார்த்தார்கள். முனியன் ஒவ்வொருவரிடமும், "தங்கச்சி அடிச்ச போரு. பதினோரு பேரு, கிடா, சீரு, அத்தினியும் ஏத்திக்கினு வந்தேன்" என்று சொன்னார். மலையில் ஓடும் ரெண்டு ஜீப்காரர்கள் என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்கள். எனக்கு இலையில் என்ன போட்டார்கள் என்று ஞாபகமில்லை. எதிர் வரிசையில் யார் உட்கார்ந்திருந்தார் என்பது ஞாபகம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தியாகதுருகத்துக்காரர்கள் வரவில்லை. வியாழக்கிழமை, பிளாக்கை ஏற்றிக்கொண்டு நான் செழியனோடு வந்து இறங்கியபோதே அம்மா அவர்களுக்குப் போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். "ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்றால், "நீ எங்கடி அடுத்தவங்கள பேச வுட்ட?" என்கிறாள். அவர்களுக்காக வாங்கி வைத்திருந்த வாழைக்காயில், பெண் கேட்டு வந்த செழியனுக்கும் அவருடைய அக்காவுக்கும் பஜ்ஜி போட்டாள்.

அம்மா எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு, கடைசியாகத் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "கல்யாணத்துக்கு அப்புறம் பட்டறைய இன்னா பண்றது மாப்ள?"

"மூடிட்டா நான் பிளாக்க எங்க எட்துக்கினு போறதுங்க?" என்றார் செழியன்.

தை மாதம் என்று முடிவானது. அக்காவும் அம்மாவும் தேதி பார்க்கக் காலண்டரைப் புரட்டிக்கொண்டிருந்தபோது நான் முன்பக்கம் பட்டறைக்குப் போனேன். அவர் பின்னாலேயே வந்தார். பச்சை பிளாக் மூலையில் அப்படியே இருந்தது. நம்பர் பஞ்ச் பெட்டியைத் திறந்தேன். மூன்று மார்க்குக்கும் பக்கத்தில் இன்னொன்றுக்கு இடம் இருந்தது. ஒன்றாம் நம்பரை வைத்துத் தட்டினேன். பிறகு இரண்டு, பிறகு ஆறு. ஜனவரி, இருபத்தாறு.

"அளக்காம மார்க் அடிக்க மாட்டீங்களே மேடம்" என்றார்.

"மொதல்ல அந்த மேடத்த வுடுங்க."

"அளக்காம அடிக்க மாட்டியே சுதா" என்றார், ரொம்ப மெதுவாக.

"மூணு தடவ அளந்துட்டேன். ஒரு பாயிண்ட்கூட மாறல" என்றேன்.